குறியீட்டாளர் இருவர்

மூன்றாம் வாரம் வெண்பலகையில்
ஐந்து பெட்டி வரைந்தார் நடீன்.
நான் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன்:
அனுப்புநர், செய்தி, வழி, பெறுநர்.
ஐந்தாவது எதோடும் சேராமல்
மேலே தொங்கியது.
அதிலிருந்து இறங்கிய அம்பு
வழியின் விலாவில் குத்தி நின்றது.
இரைச்சல்.

அனுப்புநர், பெறுநர் என்று எழுதியதும்
வென்ட்வொர்த்வில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
பழகிய விடுப்புக் கடிதம்தான் ஞாபகம் வந்தது.
காய்ச்சல் காரணமாக.
எப்போதும் காய்ச்சல்தான்.
வேறு காரணம் எங்களில் ஒருவருக்கும்
எழுதத் தெரியாது.

இரண்டாம் ஒப்படை: உள்ளடக்கப் பகுப்பாய்வு.
ஒரு செய்தித்தாள், ஒரு மாதம், ஒரு சொல்.
நான் ‘படகு’ என்றேன்.
பெரிய வெள்ளம் வந்த வருடமா, என்றாள் பிரிட்ஜெட்.
அதற்கு முந்தின வருடம்.

வெரிங்டன் நூலகம், இரண்டாம் மாடி,
யாரோ விட்டுப்போன சிப்ஸ் மணம்.
தேதி. பக்கம். தலைப்பின் அகலம் சென்டிமீட்டரில்.
பேசுபவர் யார்.
தொனி: சாதகம் ஒன்று, பாதகம் இரண்டு, நடுநிலை மூன்று.
அவள் தனியே குறிக்க வேண்டும், நான் தனியே.
ஒருவர் திரையை ஒருவர் பார்க்கக் கூடாது.
கடைசியில் ஒத்துப்போன இடங்களை எண்ணி
ஒரு தசம எண் எடுக்க வேண்டும்.
அது ஒன்றை நெருங்கினால்
உலகம் நாங்கள் சொன்னபடியே இருக்கிறது என்று அர்த்தம்.

நூற்றுப் பதினாறு படகுகள்.
அமைச்சர் பேசியது நாற்பத்தொரு தடவை,
எதிர்த்தரப்பு முப்பத்தெட்டு,
ஒரு மதகுரு, ஒரு மீனவர், விடுதி நடத்தும் ஒரு பெண்.
படகில் இருந்தவர்: பூச்சியம்.
ஓரிடத்தில் மட்டும்
‘ஒருவர் கையசைத்தார்’ என்றிருந்தது.
கையசைப்பு பேச்சில் சேருமா என்று
விதிப்புத்தகத்தில் தேடினோம். இல்லை.

ஒன்பது இடங்களில் மாறுபட்டோம்.
எட்டைப் பேசித் தீர்த்தோம்.
ஒன்பதாவது, பதினெட்டாம் தேதி, ஐந்தாம் பக்கம், படம்.
விமானத்திலிருந்து எடுத்தது.
செம்மஞ்சள் மிதவை அங்கிகள், நடுவில் ஒரு நீலத் தார்ப்பாய்,
முகங்களை மட்டும் சதுரம் சதுரமாகக் கலைத்திருந்தார்கள்.
அவள் மூன்று போட்டிருந்தாள். நான் ஒன்று.

இதில் என்ன சாதகம்?

கண்டுபிடித்துவிட்டார்களே, என்றேன்.
இதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் தந்தார்கள்.

‘அவர்களுக்கு’ என்று வந்திருக்க வேண்டிய இடம்.

பிரிட்ஜெட் ஒன்றும் கேட்கவில்லை.
படத்தைப் பெரிதாக்கினாள்.
சதுரங்கள் பெரிதாயின.
இன்னும் பெரிதாக்கினாள்,
திரை முழுவதும் ஒரே ஒரு பழுப்புச் சதுரம்.
என் எண்ணை மாற்றட்டுமா, என்றாள்.
வேண்டாம், பார்த்துவிட்டு மாற்றுவது விதிமீறல்.

ரயிலில் அம்மாவை அழைத்தேன்.
வெஸ்ட்மீட் சலவைக்கூடத்தில் மாலை முறை,
பின்னால் பத்து இயந்திரங்கள் சுழன்றன.
அண்டைக்கு எனக்கு என்ன நிறச் சட்டை, அம்மா?
எண்டைக்கு?
கப்பல்காரர் வந்த அண்டைக்கு.
பச்சை, என்றார். பிறகு, இல்லை, அது தீவில தந்தது.
ஏன் இப்ப?
படிப்புக்கு.
என்னது?
படிப்புக்கு, அம்மா.
கேக்கேல்லை பிள்ளை, வீட்டை வா.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை:
தீராத மாறுபாடு, ஒன்று. காரணம்.
அந்தக் கட்டத்தில் கர்சர் வெகுநேரம் மினுங்கியது.
காய்ச்சல் என்று எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.
பிரிட்ஜெட் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துத்
தட்டினாள்:
குறியீட்டாளர் ஆ இந்தப் படத்தைக் கீழேயிருந்து பார்த்தார்.

இருபதுக்குப் பதினாறரை.
மேற்கோள் பட்டியல் அகர வரிசையில் இல்லை.
‘கீழேயிருந்து’ என்பதைச் சுற்றி
நடீனின் ஊதாப் பேனா:
தெளிவில்லை. விளக்குக.